தொடாத தட்டு

என் கணவருக்குப் பதவி உயர்வு கிடைத்த ஒவ்வொரு தடவையும் நான் அழுதேன். மற்ற வீடுகளில் அப்படியான நாளில் பாயாசம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் நான் குசினிக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வருவேன். அந்தக் கொம்பனியில் ஒருவருக்குப் பதவி உயர்கிறதென்றால், அவருக்கு மேலே இருந்த ஆள் மூட்டை கட்டிவிட்டான் என்று அர்த்தம். குளத்து வேலையாளாகச் சேர்ந்தவர் மேற்பார்வையாளர் ஆனார். பிறகு தலைமை மேற்பார்வையாளர் ஆனார். கடைசியில் உதவி மனேஜர் என்றும் ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயர் வந்தபோது அவருக்குக் கீழே எங்கள் ஊரான உடப்பின் பெடியன்கள் நாலைந்து பேரும் ஒரு காவல்காரரும்தான் மிச்சம்.

"உதவி மனேஜர் ஐயா, யாருக்கு உதவி செய்யப் போறீங்க? காத்துக்கா?" என்று கேட்டேன்.

"நீ சிரி. கொம்பனி எழும்பும்," என்றார்.

எழும்பும். இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது.

அது இறால் வளர்க்கிற கொம்பனி. முந்தலில் இருந்து, கடல்நீர் ஏறி நிற்கிற களப்புப் பக்கம் இறங்கினால், தென்னந்தோட்டங்கள் முடிகிற இடத்தில் அதன் முள்ளுக்கம்பி வேலி தொடங்கும். உள்ளே சதுரம் சதுரமாகக் குளங்கள். உடப்பில் கடலுக்குப் போகாத ஆம்பிளையை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். ஆனாலும் கொம்பனி வந்தபோது எங்கள் ஊர் இளந்தாரிகள் நிறையப் பேர் வள்ளத்தை விட்டுவிட்டு அங்கே போனார்கள். நானும் கலியாணத்துக்கு முன்பே இறால் தலை கிள்ளுகிற கொட்டிலுக்குப் போனேன். ஐஸ் தண்ணீரில் விரல் விறைத்து, மத்தியானம் சோற்றைப் பிசையவே முடியாது. அங்கேதான் அவரைக் கண்டேன். அந்தக் கதையை இங்கே எழுதினால் மகள் என்னை உயிரோடு விடமாட்டாள்.

நல்ல காலமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் வாய் வேகும். அறுவடை நாளில் லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும். தீபாவளிக்கு உடுப்பு, வெசாக்குக்குச் சாப்பாடு, நோன்புக்குக் கஞ்சி என்று எல்லாச் சனத்துக்கும் ஏதோ ஒன்று நடக்கும். ஊரில் கலியாணம் பேசும்போது "மாப்பிள்ளை கொம்பனியில நிக்கிறான்" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விசாரிக்கமாட்டார்கள்.

பிறகு வெள்ளைப்புள்ளி வந்தது. இது இறாலுக்கு வருகிற நோய். மனிதருக்கு ஒன்றும் செய்யாது, வயிற்றில் அடிக்கிறதைத் தவிர. ஒரு குளத்தில் வந்தால் சில நாட்களுக்குள் அந்தக் குளமே செத்து மிதக்கும். மருந்து கிடையாது. தண்ணீரை வெளியே விடாமல் மறித்து, மருந்தடித்து, காயவிட்டு, சுண்ணாம்பு போட்டு, மறுபடி முதலில் இருந்து தொடங்கவேண்டும். ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் இரண்டு குளங்கள் குறையும். முதலில் ஆட்களை ஏற்றிவந்த வேன் நின்றது. பிறகு பத்துமணித் தேநீர் நின்றது. பிறகு எங்கள் கொட்டிலையே பூட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து, இடியப்பம் அவித்து முந்தல் சந்திக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். அவர் மட்டும் விடியமுன்னம் எழும்பி சைக்கிளை எடுத்தபடியே இருந்தார்.

அந்த எழும்புகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றுகிற மெஷின்கள் உண்டு. விடியப்போகிற நேரத்தில் அவை நின்றுபோனால் இறால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் அவருடைய நித்திரை எப்போதும் அந்த நேரத்தில் முறியும். வீட்டில் இருந்தால் அந்தச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது? ஆனாலும் எழும்பிக் காது கொடுப்பார். "ஒரு நாளாவது வெயில் ஏறுமட்டும் படுங்களேன்," என்று எத்தனை சண்டை பிடித்திருப்பேன்! கல்லில் நார் உரிக்கிற வேலை.

இவ்வளவுக்கும் பிறகு அந்தக் கொம்பனியில் ஏன் நின்றார்? ஊரே கேட்டது. நான் தினமும் கேட்டேன். ஆனால் பதில் எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் என் வாய் பாதியில் நின்றுவிடும்.

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் ஒருநாள் மெஷினுக்கு ஏதோ சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனவரை வழியில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். தமிழ்ப் பெயர், தமிழ் ஊர், கையில் வயர் சுற்றிய ஒரு இரும்புத் துண்டு. வேறென்ன வேண்டும்? கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொலிஸ் வாசலில் நான் நின்றேன். உள்ளே விடவில்லை. பதில் சொல்லவும் ஆள் இல்லை. பொழுது சாய்கிற நேரம் கொம்பனி ஜீப் வந்து நின்றது. மனேஜர் இறங்கினார். சிங்கள ஆள். எப்போதும் சேர்ட்டை உள்ளே விட்டு, சப்பாத்து மின்ன வருகிற மனுசன். அன்றைக்குச் சாரமும் ரப்பர் செருப்புமாக, வீட்டில் இருந்த கோலத்திலேயே வந்திருந்தார். உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்று, "இவன் என்னுடைய ஆள்" என்று சிங்களத்தில் சொன்னாராம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். எனக்குப் புருசன் திரும்பி வந்தார். அன்றைக்கு அந்த மனுசனின் காலில் விழப்போனேன், விடவில்லை.

அதற்குப் பிறகு கொம்பனி அவருக்கு ஒரு அடையாளக் காட் அடித்துக் கொடுத்தது. சிங்களத்தில் பெயர், படம், மனேஜரின் கையெழுத்து. எந்தச் சோதனைச் சாவடியிலும் அதைக் காட்டினால் விடுவார்கள். சண்டை முடிந்து, சாவடிகளைக் கழற்றி, அந்த இடங்களில் இளநீர்க் கடை வந்த பிறகும் அது அவருடைய சேர்ட் பையில் இருந்தது. உடுப்புத் தோய்க்கும்போது எடுத்து ஜன்னல் கட்டில் வைப்பேன். காய்ந்த சேர்ட்டைப் போட்டதும் முதல் வேலையாக அதைத்தான் தேடுவார். இந்த நன்றியோடு எப்படி வாதாடுவது? நன்றி கெட்டவராய் இருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

சண்டை முடிந்ததும் வழிகள் திறந்தன. ஒருவன் இத்தாலிக்குப் போனான், ஒருவன் கல்பிட்டிப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போனான், இன்னும் இரண்டு பேர் வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்டு, பிடிபட்டுத் திரும்பி வந்தார்கள். போனவர்கள் எல்லாரும் நல்லாய் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் போய்ப் பார்த்தோம் என்ற ஒரு நிம்மதி அவர்களுக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான் சவூதியில் இருந்து அழைப்பு வந்தது. முன்பு எங்கள் கொம்பனியில் தலைமை மேற்பார்வையாளராக இருந்துவிட்டு அங்கே ஒரு பெரிய இறால் பண்ணைக்குப் போனவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மச்சான், இங்க ஆள் தேடுறாங்க. நான் உன்னைத்தான் சொல்லியிருக்கிறன். ஆனா உன்ட வயசுக்கு இதுதான் கடைசித் தரம். ஆவணிக்குள்ள பாஸ்போட்டை ஏஜென்சியில குடுத்திரு." நான் அடுத்த நாளே அவரைச் சிலாபத்துக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் படம் எடுப்பித்தேன். அந்தப் படத்தில் அவர் சிரித்திருக்கிறார். என்னைச் சந்தோசப்படுத்த என்றாலும் சிரித்திருக்கிறாரே என்று நானும் சிரித்தேன்.

அது மனேஜரின் காதுக்குப் போய்விட்டது. ஒரு பின்னேரம் வீடு தேடி வந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டு, வெறுந்தேத்தண்ணி கொடுத்தேன். கிழண்டுபோயிருந்தார். சேர்ட்டு மட்டும் அதே மாதிரி உள்ளே விட்டிருந்தது.

"நீங்க போனா நான் கேட்டைப் பூட்டிப் போடுறதுதான்," என்றார், அவருடைய தமிழில். "ஒன்பதாம் குளம் மட்டும் செய்வம். இந்த ஒரு தரம். அது நல்லா வந்தா முதலாளி திரும்பக் காசு போடுவார், கொம்பனி எழும்பும். வராட்டிப் போங்க, நானே கொண்டுபோய் ஏர்போட்டில விடுறன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மாத்தயா, இப்ப இறால் குஞ்சு விட்டா ஆடி திருவிழா நடுவில வருமே," என்று மட்டும் கேட்டார். அது சின்ன விசயமில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் ஆடி மாதம் தீ மிதிப்பு. திருவிழா நாட்களில் உடப்புப் பெடியன் ஒருவனையும் குளத்தடியில் பிடிக்கமுடியாது. கொம்பனி நல்லாய் இருந்த காலத்தில், ஆடியில் குளங்கள் வெறுமையாய்க் கிடக்கிற மாதிரிப் பார்த்துத்தான் குஞ்சு விடுவார்கள். மனேஜருக்கு இது தெரியாததில்லை, அந்த ஒழுங்கைக் கொண்டுவந்ததே அவர்தான்.

"பரவாயில்லை. இந்த முறை பரவாயில்லை," என்றார் மனேஜர்.

அவர் போனபிறகு வீட்டில் நடந்த சண்டையை அயலெல்லாம் கேட்டிருக்கும். "உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சா? செத்த பிணத்துக்கு ஊசி போடக் கூப்பிடுறான், நீங்களும் ஓம் எண்டு தலையாட்டுறீங்க! மகளை நினைச்சுப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த மனுசன் சாரத்தோட வந்தவர்."

அதோடு என் வாய் அடைத்துப்போனது. ஒன்பதாம் குளத்துக்குக் குஞ்சு விட்டார்கள். ஆவணிக்குள் அறுவடை முடிந்தால் பாஸ்போட்டையும் கொடுக்கலாம், கொம்பனியும் எழும்பலாம், இரண்டில் எது நடந்தாலும் நல்லதுதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அவர் அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். குளம் நல்லபடியாய் வரவேண்டும், அதற்காகக் காப்புக் கட்டித் தீ மிதிக்கிறேன் என்று. தனக்காகவோ எனக்காகவோ மகளுக்காகவோ ஒருநாளும் தீ மிதிக்காத மனுசன், கொம்பனிக்காக மிதிக்கப்போனார்! "அம்மனுக்கே சிரிப்பு வரும்," என்றேன். "வரட்டும்," என்றார்.

காப்புக் கட்டினவர்கள் மீன், இறால், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் தின்னமாட்டார்கள். அவருடைய தாய் வழியில் அது இன்னும் கடுமை. காப்பு இறங்குமட்டும் மச்சத்தைத் தொடக்கூடாது, மச்சம் கிடக்கிற தண்ணீரிலும் கை வைக்கக்கூடாது. அப்படித் தொட்டவனின் கால் வெந்துபோகும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கடலோரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு கட்டு! மற்ற ஆட்கள் அந்த நாட்களில் வேலைக்கே போகமாட்டார்கள், அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இவர் ஒருவர்தான் கோயிலிலும் நின்று, காலையில் குளத்துக்கும் போய்வந்தார். போய் வரம்பில் நிற்பார். கை வைக்கமாட்டார்.

குளத்துக்குள் சாப்பாடு போடுகிற தட்டுகள் கயிற்றில் தொங்கும். போட்ட தீனியில் எவ்வளவு மிச்சம் கிடக்கிறதென்று தட்டைத் தூக்கிப் பார்ப்பதுதான் இறால்காரனின் முழு வேலையும். தீனி மிச்சம் கிடந்தால் ஏதோ சரியில்லை. உடனே ஒரு இறாலைக் கையில் எடுத்து, தலை ஓட்டை உரித்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். அதை இவர் நித்திரையிலும் செய்வார். ஆனால் அந்த நாட்களில் தட்டைத் தூக்கியது, அண்ணன் முறைக்கு நாங்கள் நானா என்று கூப்பிடுகிற காவல்காரர். புத்தளத்து முஸ்லிம் மனுசன், எங்கள் இருவரையும் விட மூத்தவர், ஆயுளில் பாதியைக் கொம்பனி வாசலில் கழித்தவர். கேட்டைப் பற்றிக் கேட்டால் எல்லாம் சொல்வார். இறாலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதைக் கறி வைக்கிறது மட்டும்தான்.

தீ மிதிப்புக்குச் சில நாட்களுக்கு முன்னால் நடந்ததை என் புருசன் பிறகு எனக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் ஒரு சொல் மாறாமல் சொல்லுவார்.

நானா தட்டைத் தூக்கினார். "தம்பி, தீனி மிச்சம் இரிக்கி."

"எவ்வளவு நானா?"

"பாதிக்கு மேல இரிக்கி."

அமாவாசை கிட்டிக்கொண்டிருந்தது. அமாவாசைக்கும் பூரணைப் பறுவத்துக்கும் இறால் பழைய ஓட்டைக் கழற்றும், அப்போது ஒன்றிரண்டு நாள் தீனி எடுக்காது. "ஓடு கழட்டுதுகள். நாளைக்குத் தின்னும்," என்றார் இவர்.

"ஒண்ட எடுத்துக் காட்டட்டா?"

நானா ஒரு இறாலை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். இவர் காப்புக் கட்டின கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்று பார்த்தார். துள்ளியது. நிறமும் மாறவில்லை. தலை ஓட்டை உரித்தால்தான் உள்ளே இருக்கிற புள்ளி தெரியும். உரிக்கச் சொல்லி நானாவிடம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தன் கையால் செய்தே பழகிய வேலையை இன்னொருவரிடம் சொல்லிச் செய்விக்க வாயில் சொல் வரவில்லை என்று பிறகு சொன்னார். "நல்லாத்தானே இருக்கு, விடுங்க நானா," என்றுவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த நாளும் மிச்சம் கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் கிடந்தது. அமாவாசை கழியட்டும் என்று பார்த்தார்.

தீ மிதித்த அன்றைக்கு நான் சனத்துக்குள் நின்றேன். மேளச் சத்தத்தில் நெஞ்சு இடித்தது. மஞ்சள் வேட்டியோடு அவர் நெருப்பில் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தப் பக்கம் நின்றார். காலில் ஒரு கொப்புளம் இல்லை. "சுத்தமா மிதிச்சிற்றான், நேர்த்தி பலிச்சிற்று," என்று பெண்டுகள் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு பெருமை. அந்த நேரம் கொம்பனியிலும் கோபம் இல்லை, மனேஜரிலும் கோபம் இல்லை. எல்லாம் சரிவரும் என்று நானும் நம்பிவிட்டேன், மடைச்சி!

காப்பு இறங்கினதும் காலையில் அவர் குளத்துக்கு வெளிக்கிட்டார். "நீயும் வாவன்," என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிடுகிற ஆளே இல்லை. சைக்கிள் பாரில் ஏறி, கலியாணமான புதிதில் போனது போலப் போனேன். வழியெல்லாம் கதை. இந்த அறுவடையில் என்ன எடை வரும், எந்தக் குளத்தை அடுத்ததாகத் திறப்பது என்று ஒரே கதை.

வரம்பில் ஏறினோம். கரையோரத் தண்ணீர் சிவந்து கிடந்தது. கிட்டப் போனபோதுதான் அது இறால் என்று தெரிந்தது. சில மேலே சுற்றிச் சுற்றி நீந்தின. மற்றவை கரையில் ஒதுங்கிக் கிடந்தன. நானா வரம்பில் குந்தியிருந்தார், எங்களைக் கண்டும் எழும்பவில்லை.

அவர் உடுத்த வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினார். தட்டைத் தூக்கினார். போட்ட தீனி போட்டபடியே கிடந்தது. ஒரு இறாலை எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெயிலுக்குப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளை வெள்ளையாய் இருந்தது.

"நேத்து வரைக்கும் என்ட கையால தொடல்ல," என்றார். இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். நான்தான் கையைப் பிடித்துக் கரையேற்றினேன்.

வலை போட்டுப் பார்த்தார்கள். வாங்க வந்த லொறிக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். களப்புக்குள் தண்ணீர் போகாமல் மதகை மறித்து மருந்தடித்தார்கள். அந்த நாற்றம் எங்கள் உடுப்பில் கிழமைக்கணக்காய் இருந்தது. மனேஜர் வந்தார். கரையில் நின்று பார்த்தார். இவர் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஏச்சு வாங்க. அவர் ஏசவில்லை. தோளில் கை வைத்து, "பரவாயில்லை," என்றுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அந்தப் பெருந்தன்மைதான் இவரைக் கொன்றது. நாலு கெட்ட வார்த்தை ஏசியிருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பார்.

கேட்டைப் பூட்டினார்கள். ஆவணி வந்தது. அலுமாரிக்குள் இருந்த பாஸ்போட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"ஒரு கொம்பனியை விழுத்தினவன், இன்னொரு கொம்பனிக்கு என்ன முகத்தோட போறது?" என்றார்.

"ஐயோ, நோய் வந்தா நீங்க என்ன செய்யிறது? அது எல்லாக் குளத்துக்கும் வாற நோய்தானே!"

"முதல் நாளே தட்டைத் தூக்கிப் பாத்திருந்தா, பாதியாவது பிடிச்சிருக்கலாம். முதலாளிக்குக் காட்ட ஒரு லொறி இறால் போதும். அம்மன் என்ட காலைச் சுடல்ல, அவ தன்ட வேலையைச் சரியாச் செஞ்சா. நான்தான் என்ட வேலையைச் செய்யல்ல."

கெஞ்சினேன், அழுதேன், அம்மன் மேல் சத்தியம் வைத்தேன். சவூதிக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார். இவர் பிறகு தென்னந்தோட்டத்தில் கூலிக்குப் போனார், மாம்புரிப் பக்கம் வெங்காயம் கிண்டப் போனார். எந்த வேலைக்குப் போனாலும், விடியமுன்னம் எழும்பி முதலில் அந்தப் பூட்டிய கேட்டுக்குப் போய், நானாவிடம் சொல்லி உள்ளே ஏறி, ஒன்பதாம் குளத்து வரம்பில் கொஞ்சநேரம் இருந்துவிட்டுத்தான் போவார். தண்ணீர் வற்றி வெடித்த குளம். அதில் என்ன பார்க்கிறார் என்று கேட்டால், "சும்மா," என்பார்.

அடுத்த ஆடியும் போனது. அவர் கோயில் வீதிக்குக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் முந்தல் சந்தியில் இடியப்பத் தட்டோடு நிற்கும்போது நானாவைக் கண்டேன். கொம்பனி இடத்தை வாங்கின கொழும்பு ஆட்கள் அவரையே காவலுக்கு வைத்துக்கொண்டார்களாம். என்ன கட்டப்போகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. இவர் இன்னும் வரம்பில் வந்து இருப்பதைச் சொல்லிக் கவலைப்பட்டார்.

"அந்தக் குளம் செத்ததுக்கு அவர்தான் காரணமெண்டு நெஞ்சில போட்டு வச்சிருக்கிறார் நானா. சொன்னாக் கேக்கிறாரில்ல," என்றேன்.

நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது என்ன தங்கச்சி கதை? அந்தக் குளம் நல்லா வந்தாலும் பூட்டுறதுதானே. குஞ்சு உடுறதுக்கு முந்தியே ஆக்கள் வந்து அளந்து, பேசி, எல்லாம் முடிச்சிட்டாங்க. அது கவர்மேந்துக் குத்தகைக் காணி. ஒரு குளத்திலயாவது தண்ணியும் இறாலும் இருந்தாத்தான் வேற ஆளுக்கு மாத்திக் குடுக்கலாமாம். அதுக்காகத்தான் அந்த ஒரு குளத்தைச் செஞ்சாங்க. மனேஜர் மாத்தயா அதை முடிச்சுக் குடுத்திட்டு, வேற இடத்தில வேலைக்கும் போய்ட்டாரு. தம்பிக்கு இதெல்லாம் தெரியுமெண்டுதான் நான் நெனச்சேன்."

குளம் ஆடி நடுவில் வந்தாலும் பரவாயில்லை என்று மனேஜர் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனுசனைக் கண்டபாட்டுக்குத் திட்டினேன், நடுச்சந்தியில் நின்றுகொண்டே. ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோசம் பொங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். என் புருசன் குற்றவாளி இல்லை! இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் நெஞ்சில் கிடக்கிற பாரம் இறங்கிவிடும். மிச்ச இடியப்பத்தைக் கடைக்காரனிடம் தள்ளிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். இறங்கின இடத்தில் இருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனேன்.

அவர் வேலிக்குத் தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். கயிற்றைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"அப்ப நான் தட்டைத் தூக்கிப் பாத்திருந்தாலும் பூட்டித்தான் இருப்பாங்க," என்றார்.

"ஓம்! அதைத்தானே சொல்லுறன். உங்களில ஒரு பிழையும் இல்ல."

"இறால் நல்லா வந்திருந்தாலும்?"

"வந்திருந்தாலும் பூட்டுறதுதான்."

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் இருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அது தெளிகிறதைப் பார்க்க.

"அப்ப நான் அங்க என்னத்துக்கு நிண்டன்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்ன சொல்றீங்க?"

"என்னால விழுந்ததெண்டு இவ்வளவு நாளும் நினைச்சன். பாரமாத்தான் இருந்துது. ஆனா என்னால விழுறதெண்டா, அது நிண்டதும் என்னாலதான் எண்டு ஒரு நினைப்பு இருந்துது. அத்தனை வருசமும் நான் இருந்தபடியாத்தான் அது நிண்டதெண்டு. இப்ப நீ சொல்லுறாய், நான் பாத்தாலும் ஒண்டுதான், பாக்காட்டியும் ஒண்டுதான் எண்டு."

நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். 

அவர் சேர்ட் பையைத் தடவினார். "அண்டைக்கு மாத்தயா பொலிசுக்கு வந்தாரே. அது எனக்காகவா வந்தவர்? இல்லாட்டி அடுத்த நாள் குளத்துக்கு ஆள் வேணுமெண்டா?"

"சாரத்தோட வந்தாரே," என்றேன். எத்தனையோ தரம் அவர் சொல்லி என் வாயை அடைத்த அதே சொல். அவர் தலையை ஆட்டினார். நம்பி ஆட்டினாரா, எனக்காக ஆட்டினாரா, தெரியாது.

அடுத்த நாள் விடியமுன்னம் பழக்கத்தில் எனக்கு முழிப்பு வந்தது. அவர் பாயில் கிடந்தார். கண் திறந்துதான் இருந்தது. "போகல்லையா?" என்று கேட்டேன். கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தார். எழும்பி மா குழைத்தேன், இடியப்பம் அவித்தேன், தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தேன். வெயில் ஏறி, கிடுகு ஓட்டைக்குள்ளால் அவர் காலில் விழுந்தது. தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்தது. அவர் அப்படியே படுத்திருந்தார். நான் வாசல்படியில் குந்தி, எழும்புங்களேன், ஒருக்கா எழும்பிக் குளத்தடிக்குப் போங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.